ஊதச் சொல்லும் முன் உயரத்தை அளந்து பாருங்கள்

மக்கள் நல்வாழ்வுத்துறைச் செயலாளர் அவர்களுக்கும், பெருநகர சென்னை மாநகராட்சியின் மாநகர நல அலுவலர் அவர்களுக்கும், வடசென்னையில் மருத்துவ முகாம் நடத்தும் அனைவருக்கும்,

வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றின் நெஞ்சக நோய்ப் பிரிவில், ஆளை ஊத வைத்து நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை எடுக்கும் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். எங்கள் பக்கத்து மக்கள் அந்தப் பரிசோதனையை ‘ஊதுற டெஸ்ட்’ என்பார்கள். இந்த மடலிலும் அப்படியே சொல்கிறேன்.

வடசென்னையில் அந்த டெஸ்ட் இன்று தலைகீழாக நடக்கிறது. ஊத வேண்டியவர்கள் ஊதாமலே வருஷங்களை ஓட்டுகிறார்கள். அவசியமே இல்லாதவர்களையும், சில சமயம் ஊதவே கூடாதவர்களையும், ஷாமியானா போட்டு வரிசையில் நிறுத்தி ஊத வைக்கிறார்கள். முகாம் முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டு. அதில் ‘நார்மல்’ என்று இருந்தால் அந்த மனிதரின் மூச்சுக் கதை அத்தோடு முடிந்துபோகிறது. பிறகு அவர் எந்த டாக்டரிடம் போய் இரைக்கிறது என்றாலும், “போன மாசம்தானே பார்த்தாங்க, நல்லாத்தானே இருக்கு” என்று திருப்பி அனுப்புகிறார்கள். இந்தச் சீட்டுகளை மொத்தமாகக் கூட்டிப் பார்த்து, இந்தப் பகுதியில் காற்று மாசால் யாருக்கும் பாதிப்பில்லை என்று நாளைக்கு யாராவது சொல்லிவிடலாம் என்பது என் பெரிய கவலை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஊத வேண்டியவர்களைப் பற்றி.

எர்ணாவூர், கத்திவாக்கம், மணலி, கொடுங்கையூர், வியாசர்பாடி, காசிமேடு என்று எந்தப் பக்கம் போனாலும் ‘வீசிங்’ என்ற சொல் வீட்டுக்கு வீடு கேட்கும். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இளம் வயதில் விறகு அடுப்பு, அப்புறம் மண்ணெண்ணெய் ஸ்டவ். ஒரு நாளும் பீடி சிகரெட் தொட்டதில்லை. மாடிப்படி ஏறினால் இரைக்கிறது, பனிக்காலத்தில் ராத்திரி தூக்கம் இல்லை. தெருமுனை கிளினிக்கில் நெபுலைசர் வைப்பார்கள், ஒரு ஊசி போடுவார்கள், மூன்று நாளைக்கு மாத்திரை தருவார்கள். அடங்கும். அடுத்த மாதம் மறுபடியும் அதே கிளினிக், அதே ஊசி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றும் சொல்லியிருப்பார்கள். மூச்சுக்குழல் சுருங்கியிருப்பது ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. அதைப் பிடிப்பதற்கென்றே இருப்பதுதான் ஊதுற டெஸ்ட். ஆனால் அந்த அம்மாவை யாரும் ஒருமுறைகூட ஊதச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரைப்பு என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. ஆஸ்துமாவாக இருக்கலாம். சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பாக இருக்கலாம். பழைய காசநோய் விட்டுப்போன தழும்பாக இருக்கலாம். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். ரத்தசோகையாகவும் இருக்கலாம். ஆஸ்துமா என்றால் தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் அஸ்திவாரம். சி.ஓ.பி.டி. என்றால் மூச்சுக்குழலை விரித்து வைக்கும் இன்ஹேலருக்கு முதலிடம். இதயம் என்றால் மருந்தே வேறு. எது என்று பார்க்காமல் மாதா மாதம் ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் கொடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், பிரஷர் கூடும். அப்படி ஏறிய சர்க்கரைக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலில் மாத்திரை கொண்டுவந்து தருகிறது. நல்ல திட்டம், அதைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த அம்மாவின் மூச்சுக்கு இன்னும் யாரும் வாசல் வரை வரவில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனைக்குப் போங்கள் என்று சீட்டு எழுதித் தருகிறார்கள். எண்ணூரிலிருந்து கன்டெய்னர் லாரி வரிசைகளைக் கடந்து ஸ்டான்லிக்கு வந்து, வரிசையில் நின்று, டெஸ்ட்டுக்கு வேறு நாள் குறித்து வாங்கித் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். இரண்டாவது தடவை யார் வருவார்கள்?

இந்த டெஸ்ட் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கே கெடுகிறது என்பது அப்போதுதான் புரியும்.

மூச்சை முழுசாக உள்ளே இழுக்க வேண்டும். குழாயை உதடு இறுக்கக் கவ்வ வேண்டும். ஒரே வெடிப்பாக வெளியே தள்ள வேண்டும், அதோடு நிற்காமல் உள்ளே இருப்பது தீரும்வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வந்தது, கடைசி வரை மொத்தம் எவ்வளவு வந்தது என்று கருவி கணக்கெடுக்கும். முன்னதை எஃப்.இ.வி.1 என்பார்கள், பின்னதை எஃப்.வி.சி. என்பார்கள். மொத்தத்தில் பத்தில் ஏழு பங்குகூட முதல் வினாடியில் வரவில்லை என்றால் குழல் எங்கோ அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். இது ஒரு தோராயமான விதிதான். வயதானவர்களுக்கு அந்தப் பங்கு இயல்பாகவே குறையும், இளம் வயதினருக்குக் கூடுதலாக இருக்கும், அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பிறகு மூச்சுக்குழலை விரிக்கும் சால்பூட்டமால் இன்ஹேலர் கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார வைத்து, மறுபடியும் ஊத வைக்க வேண்டும். மருந்துக்குப் பிறகும் அடைப்பு அப்படியே இருந்தால் சி.ஓ.பி.டி. பக்கம், நன்றாகத் திறந்துகொண்டால் ஆஸ்துமா பக்கம் என்று டாக்டர் யோசிக்கத் தொடங்குவது அந்த இரண்டாவது ஊதலை வைத்துத்தான். முகாம்களில் முதலில் வெட்டப்படுவது இந்தப் பதினைந்து நிமிஷம். வரிசை நீளமாக இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறார்கள். மருந்துக்குப் பிந்தைய ஊதல் இல்லாமல் சி.ஓ.பி.டி. என்று முடிவு கட்ட முடியாது. பாதி டெஸ்ட்டை எடுத்துவிட்டு முழு ரிப்போர்ட் தருகிறார்கள்.

ரத்தம் எடுக்கும்போது நோயாளி கையை நீட்டினால் போதும். இங்கே அப்படி இல்லை. அவர் முழு பலத்தோடு ஊதினால்தான் எண் நிஜம். அதை வரவழைப்பது பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியனின் குரல். “இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க... ஊதுங்க! விடாதீங்க, விடாதீங்க, விடாதீங்க” என்று நாங்களும் கூடவே மூச்சைப் பிடித்துக் கத்துவோம். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் யாரையோ திட்டுகிறோம் என்று நினைப்பார்கள். ஒழுங்கான ஊதல் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 150 மில்லிலிட்டருக்குள் இருக்க வேண்டும். எட்டுத் தடவைக்குள் வரவில்லை என்றால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். ஒரே ஊதலில் அடுத்தவரைக் கூப்பிட்டால், வந்த எண் நுரையீரலுடையதா, கூச்சத்தினுடையதா என்று யாருக்கும் தெரியாது.

கூச்சம் என்று சும்மா சொல்லவில்லை. திறந்த பந்தலில் தெரு ஆண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெண் கன்னம் உப்ப, கண் பிதுங்க, சத்தம் போட்டு ஊதுவாரா? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மெல்ல ஒரு ஊது ஊதிவிட்டு எழுந்துவிடுவார். நான் வேலை பார்த்த அறையில் முதலில் கதவைச் சாத்துவோம். வாயில் வெற்றிலை இருந்தால் துப்பி வாய் கொப்பளித்து வரச் சொல்வோம். உள்பாவாடை நாடா இறுக்கமாக இருக்கிறதா என்று நர்ஸ் அக்காவை விட்டுக் கேட்கச் சொல்லித் தளர்த்த வைப்போம். வயிறு இறுகக் கட்டியிருந்தால் மூச்சு முழுசாக இறங்காது. பல்செட் ஆடினால் கழற்றுவோம், பொருந்தி நின்றால் அப்படியே இருக்கட்டும் என்போம். ஒரு மணி நேரத்துக்குள் பீடி குடித்தாரா, காலையில் இன்ஹேலர் போட்டுக்கொண்டு வந்தாரா என்று கேட்போம். சால்பூட்டமால் என்றால் நாலிலிருந்து ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும், நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துகளுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ வேண்டும். இத்தனையும் கேட்க ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷம் இல்லாவிட்டால் மீதி எல்லாம் வீண்.

அப்புறம் உயரம். தலைப்பில் அதைத்தான் போட்டிருக்கிறேன். 1846இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் தண்ணீரில் கவிழ்த்த மணி போன்ற கருவியை வைத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்து அளந்தார். ஆள் உயர உயர நுரையீரலின் கொள்ளளவும் கூடுகிறது என்று அவர் அன்றைக்கே காட்டிவிட்டார். இன்றைய கையடக்கக் கருவியும் உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்துத்தான் ‘இவருக்கு இவ்வளவு வர வேண்டும்’ என்று கணக்குப் போட்டு, வந்ததைச் சதவீதமாக்கிச் சொல்கிறது. எங்கள் பகுதியில் ஒரு முகாமில் நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். உயரம் அளக்கும் கோல் இல்லை. “அண்ணே உங்க ஹைட் என்ன?” என்று கேட்கிறார் அந்தப் பையன். மீன்பிடி வலை இழுக்கும் மனிதருக்குத் தன் உயரம் சென்டிமீட்டரில் எப்படித் தெரியும்? “ஒரு அஞ்சரை அடி போட்டுக்கப்பா” என்கிறார். வயதும் அப்படித்தான், ஆதார் அட்டையில் இருப்பது ஒன்று, நிஜ வயது ஒன்று. வளர்ந்த ஆண் ஒருவருக்கு உயரத்தை 10 சென்டிமீட்டர் தப்பாகப் போட்டால் வர வேண்டிய அளவு ஏறக்குறைய அரை லிட்டர் மாறிவிடும். கூடுதலாகப் போட்டால் நல்ல மனிதர் நோயாளி ஆவார். குறைத்துப் போட்டால் நோயாளி நார்மல் ஆவார். முதுகு கூனியிருக்கும் பெரியவர்களுக்கு நின்ற உயரம் சரிப்படாது, இரண்டு கையையும் விரித்து விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை அளக்க வேண்டும். ஒரு இஞ்சு டேப் போதும். அதுகூட அங்கே இல்லை.

கருவிக்குள் எந்த மக்களின் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். நம் ஊர் ஆட்களுக்கு எவ்வளவு வரும் என்று சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் சென்னையின் ஆரோக்கியமான இளைஞர்களை அளந்து 1990லேயே வெளியிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கருவியில் ஐரோப்பியக் கணக்கைத் தேர்ந்தெடுத்து அப்படியே விட்டுவிட்டால், நம் ஆள் எவ்வளவு நன்றாக ஊதினாலும் நுரையீரல் சுருங்கியிருக்கிறது என்று சீட்டு துப்பும். உலகம் முழுவதற்கும் ஒரே சமன்பாடு என்று 2022இல் வந்திருக்கிறது. எதை வைத்துக்கொள்வது என்று நிபுணர்கள் முடிவு செய்யட்டும். எதுவானாலும் நகரம் முழுக்க ஒன்றாகவும், ரிப்போர்ட்டில் அதன் பெயர் எழுதியும் இருக்கட்டும். கருவி சரியாக அளக்கிறதா என்று தினமும் காலையில் 3 லிட்டர் சிரிஞ்சால் சோதிக்க வேண்டும், 3 சதவீதத்துக்கு மேல் பிசகக் கூடாது. முகாம் வண்டிகளில் அந்த சிரிஞ்சைத் தேடிப் பாருங்கள்.

இனி, யாரை ஊத வைக்கக் கூடாது என்பது. முழு பலத்தோடு ஊதும்போது நெஞ்சு, வயிறு, கண், மூளை எல்லாவற்றிலும் அழுத்தம் ஏறும். மாரடைப்பு வந்து ஒரு வாரம் ஆகாதவரை ஊத வைக்கக் கூடாது. பிரஷர் கட்டுக்கடங்காமல் இருந்தாலும் கூடாது, மிகவும் இறங்கியிருந்தாலும் கூடாது. கண் ஆபரேஷன் ஆனவர்கள் ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். இலவச கண்புரை முகாமில் அறுவை முடித்து, கறுப்புக் கண்ணாடியோடு, மூன்றாம் நாளே பக்கத்துத் தெரு நுரையீரல் முகாமில் வந்து உட்காரும் பாட்டிகள் நம் ஊரில் உண்டு. கண்ணாடியைப் பார்த்ததுமே “எப்ப ஆபரேஷன் ஆச்சு பாட்டி?” என்று கேட்க அங்கே ஆள் இருக்க வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ மூளையிலோ அறுவை நடந்திருந்தால் நாலு வாரம். குடலிறக்க ஆபரேஷனும் வயிற்று அறுவைதான், சுமை தூக்கும் ஆண்கள் அதைச் சொல்லவே மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருப்பவர், மூளை ரத்தக்குழாயில் வீக்கம் என்று சொல்லப்பட்டவர், இருமினாலே மயங்கி விழுபவர், காதிலோ சைனஸிலோ புதிதாகத் தொற்று உள்ளவர், நிறைமாத கர்ப்பிணி, இவர்களுக்கெல்லாம் டாக்டர் பார்த்து, அவசியம்தான் என்று முடிவு செய்யாமல் கருவியை நீட்டக் கூடாது. இருமலில் ரத்தம் வருகிறது என்றால் காரணம் தெரியும்வரை நிறுத்தி வைக்க வேண்டும்.

காசநோயைத் தனியாகச் சொல்ல வேண்டும், அது எங்கள் ஊரின் நோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு என்றால் முதலில் சளி டெஸ்ட்டும் எக்ஸ்ரேயும். சிபிநாட், ட்ரூநாட் கருவிகளெல்லாம் அதற்குத்தான் வந்திருக்கின்றன. அந்த முடிவு வராமல் அவரை ஷாமியானாவுக்குள் ஊத வைத்தால், ஆழமாக ஊதி, பலமாக இருமி, அடுத்த நாற்காலியில் இருக்கும் முதியவருக்கும் குழந்தைக்கும் கொடுத்துவிட்டுப் போவார். கிருமி வடிகட்டி இல்லாமல் வெறும் அட்டைக் குழாயை மட்டும் மாற்றிக்கொண்டு ஒரே கருவியை ஊர் முழுக்கச் சுற்றவிடுவதை நீங்கள் உடனே நிறுத்த வேண்டும். இதற்குக் கூட்டம் போட்டு யோசிக்க வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

அதே காசநோயில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மருந்து முழுசாக முடித்து, சளியில் கிருமி இல்லை என்று ஆனவர்களில் பலருக்கு இரைப்பு நிற்பதில்லை. புண் ஆறிய இடத்தில் தழும்பும், குழலில் அடைப்பும் மிஞ்சிவிடுகிறது. அவர்கள் இருமிக்கொண்டு வந்தால் காசநோய் திரும்பிவிட்டது என்று பயந்து, கிருமி இல்லாமலே மறுபடி காசநோய் மருந்து எழுதுவதும் நடக்கிறது. ஊத வேண்டியவர்கள் இவர்கள்தான். சிகிச்சை முடிகிற நாளில், கடைசி சளி டெஸ்ட்டோடு சேர்த்து இவர்களுக்கு ஊதுற டெஸ்ட்டும் எழுதினால் எத்தனையோ பேருக்குச் சரியான இன்ஹேலராவது போய்ச் சேரும்.

கேஸ் கசிவு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 26ஆம் தேதி இரவு, எண்ணூரில் கடலுக்கடியில் உரத்தொழிற்சாலைக்குப் போகும் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அப்படிப்பட்ட இரவில் ஸ்பைரோமீட்டரைக் கொண்டுவருவது வேலைக்கு ஆகாது. தொண்டை எரிந்து, இருமி, கண் திறக்க முடியாமல் நிற்பவரை ஊதச் சொன்னால் இரைப்பு கூடத்தான் செய்யும். அப்போது வேண்டியது ஆக்சிஜன் அளவு பார்க்கும் விரல் கருவி, ஆக்சிஜன், கண்ணைக் கழுவத் தண்ணீர், நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று ஒரு நாளாவது கண்காணிப்பு. ஊதுற டெஸ்ட்டுக்கான நேரம் அதற்குப் பிறகு வருகிறது. எரிச்சலூட்டும் வாயுவைச் சுவாசித்தவர்களில் சிலருக்கு, அதற்கு முன் ஒரு நாளும் இரைப்பு இல்லாதவர்களுக்குக்கூட, மாதக்கணக்கில் ஆஸ்துமா போலவே இருமலும் இறுக்கமும் நீடிக்கும். அவர்களை உடம்பு தேறியதும் ஒரு முறையும், மூன்று மாதம் கழித்து ஒரு முறையும், தொல்லை இருக்கும்வரை அதற்குப் பிறகும் ஊத வைத்துப் பதிவு செய்ய வேண்டும். நிவாரணம், வழக்கு என்று நாளை எது வந்தாலும் அந்தக் காகிதம்தான் பேசும். அடுத்த கசிவு வருவதற்குள் இந்த ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்.

சரி, நோய் இல்லாதவர்களையும் ஊத வைத்தால் என்ன கெட்டுப்போகும், சீக்கிரம் கண்டுபிடிக்கலாமே என்று நல்ல மனசோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத பெரியவர்களை சி.ஓ.பி.டி.க்காக இப்படி வடிகட்ட வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016இல் சொன்னது, 2022இல் மறுபடியும் அதையே உறுதிப்படுத்தியது. அறிகுறி இல்லாத நிலையில் கண்டுபிடிப்பதால் அவர்கள் வாழ்க்கை மேம்பட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதே காரணம். சின்ன ஆபரேஷனுக்குக்கூட, மூச்சுத் தொல்லை எதுவும் இல்லாதவர்களிடம் ஊதுற டெஸ்ட் எடுத்து வா என்று வெளியே அனுப்பிக் காசு செலவழிக்க வைப்பதும் இதே கணக்குத்தான். நுரையீரலிலேயே அறுவை என்றால் அது வேறு, கண்டிப்பாக வேண்டும். தெருவில் நூறு பேரை அவசரமாக ஊத வைக்கும் நேரத்தில், இரைக்கிறது, இருமல் நிற்கவில்லை, ராத்திரி எழுந்து உட்காருகிறேன் என்று சொல்லும் பத்துப் பேரை ஒழுங்காக ஊத வைக்கலாம். இன்னொன்றும் உண்டு. ஆஸ்துமா வந்து வந்து போகிற நோய். நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் நார்மலாகத்தான் வரும். அந்தச் சீட்டை வைத்து ஆஸ்துமா இல்லை என்று சொல்லக் கூடாது. ராத்திரி இருமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஊதும் வேகத்தை அளக்கும் சின்னக் கருவியான பீக் ஃப்ளோ மீட்டரைக் கையில் கொடுத்து இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதி எழுதி வரச் சொன்னால், ஒரு நாள் முகாமைவிட அது அதிகம் சொல்லும். விலையும் குறைவு.

அறிகுறி இல்லாமலும் ஊத வைக்க வேண்டிய ஒரு கூட்டம் உண்டு என்றால் அது தொழிலாளர்கள். நிலக்கரி, சாம்பல், சிமென்ட், ரசாயனம், வெல்டிங் புகை என்று தினமும் சுவாசிப்பவர்கள். இவர்களுக்கு ஒரு தடவை ஊதி நார்மல் என்று சொல்வதில் ஒன்றும் இல்லை. அவர்களை அவர்களோடேயே ஒப்பிட வேண்டும். 25 வயதில் வேலைக்குச் சேரும்போது ஒருவர் முதல் வினாடியில் 4 லிட்டர் ஊதினார் என்று வையுங்கள். வயது ஏற ஏற எல்லோருக்கும் வருஷத்துக்கு 25 முதல் 30 மில்லிலிட்டர் குறைவது இயல்பு. பத்து வருஷத்தில் 3.7 லிட்டர் இருக்க வேண்டும். ஆனால் 3.2தான் வருகிறது. அரை லிட்டர் கூடுதலாகப் போயிருக்கிறது. ஆனால் 35 வயது மனிதருக்கு 3.2 லிட்டர் என்பது அநேகமாக நார்மல் வரம்புக்குள் வந்துவிடும், சீட்டில் பச்சை எழுத்தில் ‘நார்மல்’ என்றே அடிக்கும். முதல் நாள் ஊதிய காகிதம் கையில் இருந்தால்தான் அந்த அரை லிட்டர் கண்ணுக்குத் தெரியும்.

அந்தக் காகிதம் யார் கையில் இருக்கிறது? 1948 தொழிற்சாலைகள் சட்டத்தை போபாலுக்குப் பிறகு 1987இல் திருத்தியபோது, ஆபத்தான செயல்முறைகளில் வேலை செய்பவர்களுக்கு வேலையில் அமர்த்தும் முன்பும், அதன் பிறகு 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று வைத்தார்கள். ஆனால் எங்கள் பகுதிப் பையன்களில் முக்கால்வாசி கான்ட்ராக்ட் ஆட்கள். இந்த வருஷம் ஒரு ஒப்பந்ததாரர், அடுத்த வருஷம் இன்னொருவர். ஒவ்வொரு முறையும் புதுசாகச் சேருகிறார்கள், பழைய ரிப்போர்ட் பழைய ஆளோடு போய்விடுகிறது. பத்து வருஷம் ஊதியவருக்கு ஒரு வருஷக் காகிதம்கூட மிஞ்சுவதில்லை. ஒவ்வொரு ஊதலின் வரைபடத்தோடும் சேர்த்து ரிப்போர்ட்டின் பிரதி தொழிலாளியின் கையில் கொடுக்கப்பட வேண்டும் என்றும், மாநகராட்சி நலமையத்திலும் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்றும் உத்தரவிடுங்கள். எண்ணை மட்டும் கொடுத்தால் போதாது. வளைகோட்டைப் பார்த்தால்தான் ஒழுங்காக ஊதினாரா, பாதியில் விட்டாரா, நடுவில் இருமினாரா என்று அடுத்த டாக்டருக்குத் தெரியும்.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களிலும் ஒவ்வொரு சமுதாய நல மையத்தில் கதவு சாத்தக்கூடிய, ஜன்னல் திறக்கக்கூடிய ஒரு அறை. ஒரு ஸ்பைரோமீட்டர், 3 லிட்டர் சிரிஞ்ச், உயரம் அளக்கும் கோல், வடிகட்டிகள், பிரஷர் கருவி. பயிற்சி பெற்ற ஒரு டெக்னீஷியன், அவருக்கு நிலையான வேலை. வாரத்தில் ஒரு நாளாவது ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்ல நெஞ்சக மருத்துவர் ஒருவர், ஸ்டான்லியிலிருந்தோ ஓட்டேரியிலிருந்தோ. டெஸ்ட் முடிந்து நோய் உறுதியானால் அதே மையத்தில் இன்ஹேலர், அதை எப்படி இழுப்பது என்று செய்து காட்ட ஆள். மருந்து கொடுக்க வழியில்லாத இடத்தில் நோயைக் கண்டுபிடித்துச் சொல்வதில் யாருக்கு என்ன பலன்? ஒரு மண்டலத்தில் முதலில் தொடங்கிப் பார்க்கலாம் என்றால் திருவொற்றியூரில் தொடங்குங்கள், எண்ணூர் அதில்தான் வருகிறது.

அதுவரை முகாம்களை நிறுத்தச் சொல்லவில்லை. முகாமில் கேள்வி கேளுங்கள். இருமல் எத்தனை நாளாக, இரைப்பு எப்போது, என்ன வேலை, வீட்டில் என்ன அடுப்பு, முன்பு காசநோய் வந்ததா, பீடி உண்டா. விரலில் ஆக்சிஜன் பாருங்கள். சந்தேகம் உள்ளவர்களுக்கு நாள் குறித்து மையத்துக்கு அனுப்புங்கள். ஊத வைப்பதை மட்டும் பந்தலில் செய்யாதீர்கள். தனியார் நிறுவனங்கள் செலவில் நடக்கும் முகாமானாலும் இதே விதி பொருந்த வேண்டும். ஏற்கெனவே பந்தலில் கொடுத்த சீட்டுகளை மூச்சுத் தொல்லை சொல்லும் யாருக்கும் எதிராகக் காட்டக் கூடாது என்று மருத்துவர்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

பயிற்சி கொடுக்க ஆள் இல்லை என்ற பதில் வந்தால், நான் இருக்கிறேன். என்னைப் போல ஓய்வு பெற்ற டெக்னீஷியன்கள் வடசென்னையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களையும் கூட்டி வருகிறேன். சம்பளம் வேண்டாம், பஸ் பாஸ்கூட வேண்டாம். புதிதாக வரும் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, எங்கே குரலை உயர்த்த வேண்டும், எப்போது போதும் என்று நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். எந்த நாள், எந்த மையம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெஞ்சகப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற டெக்னீஷியன்,
தண்டையார்பேட்டை, சென்னை